அயலுக்குச் சொல்லி விற்ற வளவு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தம் காணியை விற்கப் போகிறார் என்றால், அச்செய்தி முன்னாளில் அவர் வீட்டுப் படலையைத் தாண்டிய அன்றே ஊர் முழுவதும் பரவிவிடும். அதனை எவரும் வம்பு என்று கருதியதில்லை. அவ்வாறு பரவுவதே முறை என்று கொண்டனர். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், விற்பனைச் செய்தியை அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திற் கூட்டத்தார் கேட்கச் சொல்லவும் வேண்டியிருந்தது. இன்றோ விற்பவர் ஒரு தேசத்தில் இருக்கிறார். வாங்குபவர் இன்னொரு தேசத்தில் இருக்கிறார். இருவரையும் இணைக்கும் தரகர் பட்டணத்தில் இருக்கிறார். அயல்வீட்டாருக்கோ, சீமெந்துக் கல் ஏற்றிய லொறி ஒழுங்கையில் வந்து நின்ற பின்னரே செய்தி தெரிகிறது. இந்த மாற்றத்தினால் நாம் இழந்தது யாது என்பதைச் சென்ற சித்திரை விடுமுறையில் வலிகாமத்து ஊரொன்றிற் கழித்த இரண்டு நாட்கள் எமக்கு நன்கு உணர்த்தின.

எம்முடன் கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு அவ்வூரில் அவருடைய தாயார் வழி வந்த வளவு ஒன்று உண்டு. அதனை விற்பது பற்றிப் பேச வேண்டியிருந்தது. தனியே போக மனமில்லாமல் எம்மையும் அழைத்தார். குடும்பத்துக்குள் நடந்த காரியமாகையால் ஊரின் பெயரைக் குறிப்பிடாது விடுகின்றோம்.

காலை வெயில் ஏறுமுன் நண்பரின் மோட்டார்ச் சைக்கிளிற் காங்கேசன்துறை வீதி வழியே புறப்பட்டோம். கொக்குவிலையும் தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பேர்போன இணுவிலையும் கடந்து, மருதனார்மடச் சந்தையின் நெரிசலில் சற்று நின்று, சுன்னாகத்தையும் தாண்டிய பின் கிழக்கே திரும்பும் ஓர் ஒழுங்கையிற் புகுந்தோம். பெருவீதியின் இரைச்சல் பின்னே நின்றுவிட்டது. இரு புறமும் செம்மண் தோட்டங்கள்; பாத்தி கட்டிய வெங்காயம்; அப்பால் வாழை; அதற்கும் அப்பால் பனை. ஓரிடத்தில் நீர் இறைக்கும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் ஓடிய நீரைப் பெண்ணொருத்தி மண்வெட்டியாற் பாத்திக்குப் பாத்தி திருப்பிக்கொண்டிருந்தாள்.

மேலும் செல்லச் செல்ல ஊரின் மற்றொரு முகம் தெரிந்தது. கிளுவைக் கதியால் வேலி ஒன்று, அதை அடுத்துப் புது மதில் ஒன்று, அதற்கடுத்துக் கூரையிழந்த வீடு ஒன்று, பின்னர் பூட்டிய இரும்புக் கதவு ஒன்று. பூட்டிய வீடுகளை எண்ணத் தொடங்கிய நாம் பதினொன்றுடன் நிறுத்திக்கொண்டோம். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெருந்திரளாய் வெளியேறியதை நாற்பது வயது கடந்தோர் மறக்கமாட்டார்கள். மறு ஆண்டிற் பலர் திரும்பினர். பலர் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தங்கிவிட்டனர். அப்படித் தங்கியவர்களின் வீடுகளே இவை.

நண்பரின் வளவு 12 பரப்பு. எம் நாட்டின் பிற பகுதி மாணவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகின்றோம்: ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே அவ்வளவு முக்கால் ஏக்கர். பாட்டனார் தம் இரு புதல்வியருக்கும் அருகருகே சீதனம் எழுதியபோது மூத்தவருக்கு 12 பரப்பும் இளையவருக்கு 6 பரப்பும் கொடுத்தார். மூத்தவர் நண்பரின் தாயார்; இளையவர் இன்றும் தம் பங்கில் வாழும் சின்னம்மா. தாயார் காலமான பின் வளவு நண்பருக்கும் கனடாவில் வாழும் தமையனாருக்கும் பொதுவாயிற்று. தமையனார் மகளின் படிப்புச் செலவுக்காகத் தம் பாதியை விற்க விரும்பினார். அதனை வாங்கும் முதலுரிமை நண்பருக்கு உண்டு, பணம் இல்லை. ஆகவே முழுவதையும் விற்பதென்று இருவரும் தொலைபேசியிற் பேசி முடித்திருந்தனர்.

பட்டணத்துத் தரகர் ஒருவர் முன்னரே ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தார். 12 பரப்பையும் இரண்டிரண்டு பரப்பாய் ஆறு துண்டாக்கி, நடுவே பாதை விட்டுத் தனித்தனி விற்றால் கூடிய விலை கிட்டும் என்பது அவர் கணக்கு. கிணறு பாதையிற் குறுக்கிட்டதால் அதை மூடிவிடுவது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு குழாய்க்கிணறு. தாளிற் பார்த்தால் அழகான படம். நாமும் அதைப் பார்த்து நன்றென்றே சொன்னோம்.

சின்னம்மா எழுபது வயதைக் கடந்தவர். எம்மைக் கண்டதும், "வா மோனை, வெயிலுக்கை வந்திருக்கிறியள், முதல் தண்ணி குடியுங்கோ" என்று செம்பை நீட்டினார். மண்பானையில் ஆறிய அந்நீரின் சுவையை மெச்சினோம். "அக்காவின்ரை கிணத்துத் தண்ணி" என்றார். அவர் கை காட்டிய திசையில், வேலியிடையே ஒரு பொட்டும், அதன் அப்பால் நண்பரின் வளவிற் கட்டுக்கிணறும் தெரிந்தன. துலா இருந்த இடத்தில் இப்போது கப்பி. ஆயினும் ஆளற்ற வளவின் கிணற்றைச் சுற்றிச் சருகு இல்லை, பாசி இல்லை. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பர். தாயார் இறந்து ஆறு ஆண்டாகியும் அக்கிணறு நாறாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மூதாட்டியின் வாளியே. நண்பர் எம்மைப் பார்த்தார். படத்திற் கிணறு மூடப்பட்டிருந்ததை அவர் சின்னம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மாலையிற் சந்திக்கு நடந்தோம். அங்கே சனசமூக நிலையத்துக்கு எதிரே சிறு கட்டடம் ஒன்றிற் காணி, வீடு விற்பனை முகவர் நிலையம் ஒன்று உண்டு. நடத்துபவர் அவ்வூரிற் பிறந்த முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். சுவரில் விலைப்பட்டியலை எதிர்பார்த்துச் சென்ற நாம் கண்டது வேறு: கோயிற் கொடியேற்ற அறிவித்தல், இரத்ததான முகாம் அறிவித்தல், மேசன் முதல் மின்சார வேலை செய்பவர் வரை ஊரிலுள்ள தொழிலாளரின் பெயர்கள். பின்னறையிற் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பன்னிருவர் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தனர். எதிரேயுள்ள நிலையத்துக்கு வரும் பத்திரிகைகளுக்கும் இவரே பணம் கட்டுகிறார் என்று பின்னர் அறிந்தோம்.

எமக்குச் சந்தேகம் எழுந்தது, மறையாது கேட்டும்விட்டோம்: "தம்பி, இதெல்லாம் விளம்பரந்தானே?"

அவர் சிரித்தார். "விளம்பரமுந்தான் சேர். ஆனால் ஒண்டைச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடம் மூடி, வாசிகசாலை மூடி, கோயிலிலை ஒரு பூசையோடை நிண்டுபோன ஊரிலை ஆர் காணி வாங்குவினம்? ஊர் இருந்தால்தான் எனக்குத் தொழில்."

இவ்விடையில் இருந்த நேர்மை எமக்குப் பிடித்தது. பிள்ளைகளின் தொகை குறைந்தமையால் மூடப்பட்ட சிறு பாடசாலைகள் எம் மாகாணத்தில் உண்டென்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். ஆளற்ற வீடு ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம் என்றே எண்ணியிருந்தோம். அத்தகைய வீடுகள் பத்துச் சேர்ந்தால் ஒரு வகுப்பறை வெறுமையாகும் என்பதை அன்று ஒரு காணித் தரகரிடம் பாடம் கேட்டோம். அவர் பூட்டிய வீடுகளின் சொந்தக்காரருக்கு எழுதி, கூரை திருத்துவித்து, வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்க்கும் தாதியர்க்கும் வாடகைக்குக் கொடுப்பித்து வருகின்றார்.

நண்பர் பட்டணத்துப் படத்தை எடுத்து விரித்தார். இளைஞர் நெடுநேரம் பார்த்தார். பின், "அயலுக்குச் சொல்லியாச்சோ சேர்?" என்றார்.

நண்பர் பேசவில்லை. உண்மையில் அக்கேள்வி எம்மையே கூடுதலாகச் சுட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வடமராட்சியில் எம் தந்தையாரின் நாலு பரப்புக் காணியை நாமும் விற்றோம். பணம் அவசரமாக வேண்டியிருந்தது. தரகர் ஒருவர் கொண்டுவந்த ஆளுக்கு ஒரு கிழமைக்குள் உறுதி முடித்துக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் எம் காணி மூலையால் நடந்து கோயிலுக்குப் போய் வருவது நாம் பிறக்குமுன்பே தொடங்கிய வழக்கம். உறுதியில் அவருக்குப் பாதை இல்லை. ஆகவே சட்டத்தில் எம் பக்கம் பிழை இல்லை. மூன்று மாதத்தில் மதில் எழுந்தது. சிறு வயதில் எம்மைத் தோளில் வைத்துத் தேர் காட்டிய அந்த மனிதர், அதன்பின் இறக்கும் வரை வீதியாற் சுற்றியே கோயிலுக்குப் போனார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அயலைக் கேட்டு விற்பது எம்மவரின் வெறும் தாட்சண்யம் அன்று. ஒரு காலத்திற் சட்டமாகவே இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை 1706-ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதன் தமிழ் மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சரியென உறுதி செய்தனர். அதுவே தேசவழமை, பின்னர் ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனைச் சட்டமாக ஏற்றனர். காணியை விற்க விரும்புபவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும். அடுத்த காணிக்கு உரியவராய் இருந்து அக்காணியை ஈடாகவும் பெற்றிருந்த அயலவர்க்கும் அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளருக்கும், விற்பவர் இறப்பின் உரித்தாளர் ஆகக்கூடியோருக்கும் மாத்திரம் என மட்டுப்படுத்தியது. அயலவர் சட்டத்திலிருந்து நீங்கினார். ஆயினும் வேலிக்கு அப்பால் அவர் நீங்காமல் இருக்கின்றார் அல்லவா?

அன்றிரவு சின்னம்மா வீட்டிற் பிட்டும் மாம்பழமும் உண்டபின், நண்பர் மெல்லக் கிணற்றுப் பேச்சை எடுத்தார். அவர் கோபிக்கவில்லை. "அப்பு எனக்கும் கிணத்திலை பங்கு எழுதினவர் எண்டுதான் ஞாபகம். உறுதி தொண்ணூற்றைஞ்சிலை போட்டுது மோனை. இல்லையெண்டால் என்ன செய்யிறது, உங்கடை காணி" என்றார். நண்பர் அன்றிரவு உறங்கினாரோ என்னவோ, நாம் உறங்கவில்லை.

மறுநாட் காலை இளைஞரிடம் இதனைச் சொன்னோம். எம் நாட்டிற் காணி உறுதி ஒன்று 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். அதன் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்லும். வீட்டிலுள்ள மூலம் தொலைந்தாலும் அங்கே தேடலாம். "விக்கிறதுக்கு முதல் அதைத் தேடுவம் சேர்" என்று அவர் சொன்னார். தேடிக் கிடைத்தால் விலை குறையும், அவருடைய தரகும் குறையும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

இரண்டு கிழமையின் பின் பிரதி கிடைத்தது. சீதன உறுதியின் கடைசிப் பந்தியில், காணியின் பெயருக்கும் நாற்புறத்து எல்லைகளுக்கும் கீழே, பங்குக் கிணற்றுரிமையும் வழிவாய்க்கால் உரித்தும் இளைய மகளுக்குச் சேரும் எனத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பட்டணத்துப் படத்தின்படி கிணற்றை மூடியிருந்தால் வழக்கு வந்திருக்கும். வழக்கினும் கொடியது, சின்னம்மா வழக்கு வைக்காமலே இருந்திருப்பார் என்பதே.

கிணற்றைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடுகின்றது. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளால் இறங்கித் தங்கும்; அந்நன்னீருக்குக் கீழே இருப்பது உவர்நீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை மாணவர்கள் படித்திருப்பர். மேலுள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். வெடிப்புகள் உள்ள கல்லாகையால் மலசலகூடக் குழியின் அழுக்கும் தோட்டத்து உரமும் விரைவில் நீரை அடையும். ஆறு சிறு துண்டுகளில் ஆறு குழாய்க்கிணறும் ஆறு குழியும் நெருங்கி அமைந்தால், முதலிற் கெடுவது அவ்வாறு வீட்டாரின் குடிநீரே. வேலி காணியைப் பிரிக்குமேயன்றி நீரைப் பிரிக்காது.

இளைஞர் வேறொரு வழி காட்டினார். வவுனியாவிற் கற்பிக்கும் சின்னம்மாவின் மகள் ஊருக்கு மாற்றம் கேட்டிருந்தார். கிணற்றோடு கூடிய 4 பரப்பை அவர் வாங்குவது. மிகுதி 8 பரப்பையும் வீட்டையும் துண்டாக்காமல் ஒரே குடும்பத்துக்குக் கொடுப்பது. அக்குடும்பமும் ஆயத்தமாயிருந்தது: தெல்லிப்பழை வைத்தியசாலையிற் பணிபுரியும் தாதி ஒருவரும் கணவரும் இரு பிள்ளைகளும், மூன்று ஆண்டுகளாக அவ்வூரில் வாடகைக்கு இருப்பவர்கள். தொகை, ஆறு துண்டுக் கணக்கிலும் பார்க்கக் குறைவு.

கனடாவுக்கு யார் சொல்வது? நண்பர் நாலு நாட் தயங்கினார். தமையனாரின் மகள் படிப்பதற்கான பணம் அது. அவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. கடைசியில் ஓரிரவு எம் முன்னிலையிலேயே தொலைபேசியெடுத்து எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையிற் சிறிது நேரம் ஓசையில்லை. பின், "சின்னம்மா அள்ளுற கிணறெண்டு உந்தப் படத்திலை ஒருத்தரும் எழுதேல்லையே" என்று குரல் கேட்டது. சற்றுப் பொறுத்து, "குறையிற காசை நான் எப்பிடியும் பாக்கிறன். நீ செய்" என்றார். அற்றோணித் தத்துவப் பத்திரம் அடுத்த மாதம் வந்து சேர்ந்தது.

காணி வைத்திருக்கும் வாசகர்களுக்கு அவ்விளைஞரிடம் நாம் கேட்டறிந்த சிலவற்றைச் சொல்வது பயனாகும். விற்குமுன் பதிவகத்தில் உறுதிகளைத் தேடுங்கள். உங்களுடையதை மாத்திரமன்றி அடுத்த காணியினதையும் பாருங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளக்கும்போது அயலவரையும் அழையுங்கள். வெளிநாட்டில் இருப்போர் தத்துவப் பத்திரத்தை யாருக்குக் கொடுக்கின்றோம் என்பதில் விழிப்பாயிருத்தல் வேண்டும்; உறுதி மோசடிகள் நடப்பதைப் பத்திரிகைகளில் வாசிக்கின்றோம். பத்து ஆண்டு தடையின்றி எதிருரிமையுடன் ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுவிதி. போர்க்கால நிலையினால் தம் உரிமையை நாட முடியாது போனோருக்கு 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் நிவாரணம் அளித்தது. எனினும் பூட்டிய வளவுக்குச் சிறந்த காவல் சட்டம் அன்று. அங்கே ஒருவர் வாழ்வதேயாகும்.

உறுதி முடித்த அன்று நாமும் சாட்சியாகச் சென்றிருந்தோம். கையொப்பம் இட்டபின் அனைவரும் வளவுக்கு வந்தோம். தாதியின் இளைய மகன் கிணற்றுக் கட்டில் எட்டிப் பார்க்க முயன்றான். சின்னம்மா அவன் கையைப் பற்றி இழுத்து, "உதிலை ஏறக்கூடாது ராசா, தண்ணி வேணுமெண்டால் ஆச்சியைக் கேள்" என்றார். வேலிப் பொட்டை அடைப்பதா விடுவதா என்று கணவர் வினவினார். அது இருந்தபடியே இருக்கட்டும் என்று தாதி விடை சொன்னார்.

அவ்வாரமே வடமராட்சிக்குப் போனோம். பெரியவர் இல்லை, அவருடைய மகன் இருந்தார். பதினைந்து ஆண்டு பிந்திய மன்னிப்பைக் கேட்டோம். அவர் எம்மை உள்ளே அழைத்து இருத்தினார். தேநீர் வந்தது. மதிலைப் பற்றி இருவரும் பேசவில்லை. எனினும் திரும்பும்போது அவர் எம்முடன் ஒழுங்கை முடியும் வரை நடந்து வந்தார்.